யார் திட்டுறது?

ஆரப்பாளையத்திலிருந்து பரவைக்குப் போகும் பஸ்ஸில் என் முன் சீட்டில் ஒரு கணவனும் மனைவியும் இருந்தார்கள். முறுக்கு தின்றுகொண்டிருந்த கணவர் திடீரென்று வாயைப் பொத்திக்கொண்டார்.

"இப்ப என்னையத் திட்டுனியா?"

"நான் ஏங்க திட்டப் போறேன்? நாக்கக் கடிச்சுக்கிட்டீங்களா?"

"ரெண்டாவது தடவ. யாரோ என்னைய உக்காந்து திட்டுறாங்க."

"காலையில மனசுக்குள்ள கொஞ்சம் திட்டுனேன். அது அப்பவே முடிஞ்சுபோச்சு."

"உங்க அம்மாவோ?"

"அவங்க திட்டுனா நேர்லயே திட்டிருவாங்க."

அவர் அடுத்த முறுக்கைக் கடித்தார். "ஆ!" கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. கைக்குட்டைக்காகச் சட்டைப்பையில் கைவிட்டவர் ஒரு சாவியை வெளியே எடுத்தார்.

"அது யாரு சாவிங்க?"

"உன் தம்பி வண்டிச் சாவி. இந்த முறுக்கு அவன் சீட்டுக்கடியில இருந்துச்சுல்ல, அத எடுக்க வாங்குனேன்."

"அப்ப அவன் இன்னும் பஸ் ஸ்டாண்டுலயா நிக்கிறான்?"

அந்தம்மா அவசரமாகத் தன் போனை எடுத்துப் பார்த்தார். தம்பியிடமிருந்து பதினோரு மிஸ்டு கால்.

"அந்த முறுக்கக் கீழ வைங்க. இனிமேதான் நான் திட்டப் போறேன்."