ஃபோங் அக்காவின் ஜேட் வளையல்

பழைய நகையை வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும். கொதிக்கும் தண்ணீர் பட்டால் ஜேட் கல்லில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் விழும்.

இருபத்தாறு வருடமாக ஹாங்காங்கின் ஷாம் ஷுய் போ பகுதியில் மணப்பெண்களுக்குப் பழைய நகை தேர்ந்து கொடுக்கிறேன். சிவப்புப் பட்டுக்கு எந்தக் கொண்டை ஊசி, எந்த வளையல் என்று பெண்ணைப் பார்த்ததும் சொல்லிவிடுவேன். எங்களிடம் ஒரே ஒரு நிபந்தனை. முன்பு போட்டிருந்தவள் கணவனும் பிள்ளைகளும் உயிரோடிருக்கக் கண்மூடியிருக்க வேண்டும். மணப்பெண்ணுக்குத் தலைவாரிவிடவும் சுமங்கலியைத்தான் அழைப்போம். விதவையின் வளையல் புது வீட்டுக்குள் போகக் கூடாது.

சென்ற மாதம் விங்-சாம் வந்தாள். ஞாயிற்றுக்கிழமை கல்யாணம். காட்டியதையெல்லாம் ஒதுக்கினாள்.

“எல்லாம் புதுசு மாதிரி இருக்கு ஆன்ட்டி. ஒரே கையில கெடந்து மெழுகு மாதிரி ஆயிருக்கணும். ஆனா ராசி கெட்டவ போட்டதுன்னா மாமியார் என்னை வாசல்லயே நிறுத்திடுவா.”

“அவளுக்கு மருமக வேணுமா, வளையல் வேணுமா?” என்றேன். சிரித்தாள்.

அப்படி ஒரு வளையல் எனக்குத் தெரியும். மேல்மாடி ஃபோங் அக்காவின் கையில் ஐம்பது வருடமாக இருந்தது. அவர் தேநீர் ஊற்றும்போது கோப்பையில் தட்டும். மெல்லிய சத்தம். இந்த அறையிலும் கேட்கிறது.

அவரிடம் கேட்டேன்.

“கையைப் பாருடி, ஊதிப் போச்சு. நான் போனாத்தான் இது கழலும்” என்றார். “எங்க வீட்டுக் கிழவன் ஆஸ்பத்திரில மூச்சு வாங்கிட்டுக் கெடக்கான். என்னை முந்திக்குவான் போல. அப்புறம் எந்தப் பொண்ணுக்கும் நான் தலைவாரக் கூடாது, இல்ல?”

“கூடாதுக்கா.”

அந்த முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். இரண்டு மகன், ஒரு மகள், ஐம்பது வருட வாழ்வு. எல்லாம் ஒரு கிழவரின் மூச்சில் தொங்கிக்கொண்டிருந்தது.

வியாழக்கிழமை தாமரைக்கிழங்கு சூப் கொண்டுபோனேன்.

“உப்பே இல்ல. புருஷன் இல்லாதவ சமையல்னு நாக்குக்குத் தெரியுது” என்று கிண்டல் செய்தபடியே குடித்து முடித்தார். பிறகு சாய்வு நாற்காலியில் தூங்கினார். மணி இரண்டரை. தலையணையை அதிக நேரம் அழுத்த வேண்டியிருக்கவில்லை. வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் அவர் கையை ஊறவைத்தேன். அவசரப்படவில்லை. நடுவே தொலைபேசி அடித்தது. எடுக்கவில்லை. வளையல் வந்தது.

வயதான இதயம் என்றார் மருத்துவர். வளையலை எனக்கு விற்றுவிட்டார் என்றேன், பிள்ளைகள் நம்பினார்கள். ஆஸ்பத்திரியில் பெரியவரும் அன்றே போய்விட்டார் என்று கேட்டபோது, அக்கா முந்திக்கொண்டார் என்று நிம்மதியாக இருந்தது.

ஞாயிறன்று விங்-சாம் மண்டியிட்டு மாமியாருக்குத் தேநீர் கொடுத்தாள். வளையல் கோப்பையில் தட்டியது. மாமியார் அவள் கையைத் திருப்பிப் பார்த்துத் தலையசைத்தார்.

அடுத்த வாரம் நடந்த ஈமச்சடங்கில்தான் அக்காவின் மகள் சொன்னாள்: “அப்பா ரெண்டு பத்துக்கே போயிட்டாரு. ஆஸ்பத்திரியிலிருந்து போன் பண்ணாங்க. அம்மா எடுக்கவே இல்ல.”

இருபது நிமிடம். தூக்கத்தில் இருந்ததால், தாம் விதவையானது அவருக்கே தெரியாது.

நான் காவல் நிலையத்துக்கு உங்களிடம் வந்தது இதற்காகத்தான், ஐயா. அந்தப் பெண்ணின் கையிலிருந்து வளையலைக் கழற்றிவிடுங்கள். என் தொழிலில் இதுதான் முதல் பிழை. இதற்கு முன் நான் இப்படி எடுத்த மூன்று வளையல்களில் இந்தக் குறை கிடையாது. அந்த மூன்று கணவர்களும் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார்கள். போய்க் கேட்டுப் பாருங்கள்.