எப்போதும் சூடாக இருந்த லாரி

அழகர்கோவிலில் கும்பிட்டுவிட்டு மதுரைக்குத் திரும்பும் பஸ்ஸில், எனக்கு முன் சீட்டில் இரண்டு பேர். இளையவர் பழைய டீசல் லாரிக்கு நாளை அட்வான்ஸ் கொடுக்கப் போகிறவர். பெரியவர் மெக்கானிக்.

“விக்கிறவருக்கு அம்புட்டு பக்திண்ணே. மூணு தடவை போனேன். மூணு தடவையும் அப்பத்தான் கோயிலுக்குப் போயிட்டு லாரியக் கொண்டாந்து நிறுத்துறாரு.”

“அப்ப எஞ்சின் சூடாவுல்ல இருந்திருக்கும்! சூடா இருந்தா தேஞ்ச எஞ்சின்கூட கிளம்பிரும். ராத்திரி பூரா ஆறுன வண்டி காலைல ஒரே சாவில கிளம்புதான்னு பாத்தியா மாப்ள?”

“பாக்கலையே!”

“அதத்தான மறைக்கிறாரு. போனப் போடு.”

போட்டார். “அண்ணே, நாளைக்கு விடியக்காலைல வாரேன். அதுவரைக்கும் வண்டிய எடுக்காதீங்க. சேந்தே கோயிலுக்குப் போவோம்.”

பதிலைக் கேட்ட இளையவரின் முகம் மாறியது.

“என்னடா சொல்றாரு?”

“கோயிலுக்கு பஸ்ஸுல போயிக்கலாமாம்ணே!”

நான் மலைப்பக்கம் திரும்பி அழகருக்கு இன்னொரு கும்பிடு போட்டேன்.