பனியில் கழற்றிய சப்பாத்து

பகேரியாவிலிருந்து வரும் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் ஒரு கணவனும் மனைவியும். "சப்பாத்தைக் கழட்டிப்போட்டுத்தான் தூக்கினனான்" என்று அவர் சொன்னதும் நான் ஜன்னலுக்கு வெளியே பார்ப்பதை விட்டுவிட்டேன்.

"மலையிலை, அந்தப் பனிக்குள்ளையோ?"

"ஓம். வேலைக்கு எடுக்க முதல் ஒரு சோதினை வைச்சவை. ஸ்ட்ரெச்சரிலை ஒருத்தரைக் கிடத்தி, எங்கள் நாலு பேரையும் தூக்கச் சொன்னவை. தோளிலை ஏறினவுடனை எனக்குக் கோயில் நினைப்பு வந்திட்டுது. சப்பாத்தோடை ஆர் சாமி தூக்கிறது?"

"பனியிலை சறுக்கத் தெரியுமோ எண்டு கேக்கேல்லையோ?"

"கேட்டவை. தெரியாதெண்டு சொன்னனான். பனியிலை சறுக்கி விளையாடேக்கை விழுந்து கால் முறிஞ்ச ஆக்களை ரோட்டடிக்குக் காவிக்கொண்டு வாறதுதானே எங்கடை வேலை. குளிர்காலம் முடியுமட்டும் சம்பளம், சாப்பாடு. வேலைக் கடதாசியும் தருவினம். அதைக் காட்டி இந்த நாட்டிலை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோவைப் புதுப்பிக்கலாம்."

"அப்ப எடுத்திட்டினமோ?"

"எடுத்திட்டினம். ஸ்ட்ரெச்சரிலை கிடந்தவர்தான் அங்கத்தைப் பெரியவர். ஒரு குலுக்கமும் தெரியேல்லையாம். ஆனால் இனிச் சப்பாத்தைக் கழட்டக்கூடாதாம்."

அவள் கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். பொலிதேயாமா நிறுத்தம் வந்துவிட்டது. இருவரும் எழுந்தார்கள்.

"நல்லகாலம், அரோகரா எண்டு கத்தாமல் விட்டியள்."

"கத்தினனான். அதுக்குப் பிறகுதான் நாலு பேரின்ரை காலும் ஒண்டாய் வந்தது. மற்ற மூண்டு பேருக்கும் அதைப் பழக்கிவிடச் சொல்லிப் பெரியவர் சொல்லியிருக்கிறார்."