கையெட்டும் தூரம்

— ...சும்மா வந்தேன்னு கதை விடாதே தனாசி. இந்த வேகாத வெயில்ல எவன்டா சும்மா ஃபுட்பால் கிரவுண்டுக்கு வருவான்?

— ஏன், நீ வந்து உக்காந்திருக்கியே சென்சு.

— இது எங்க கிளப் கிரவுண்டு. மால்டாக்காரன் வருவான், உக்காருவான். உங்க கிரேக்கக் கிளப் ரயில் பாதைக்கு அந்தப் பக்கம். வழி மறந்துபோச்சா?

— கேட் பூட்டாம இருந்துச்சு, தள்ளிட்டு வந்தேன். மேல் வாசல்ல நின்னு பார்த்தேன். கீழ் வரிசையில ஒரு மொட்டை மண்டை மினுமினுன்னு தெரிஞ்சுது. என் மூக்கை ரெண்டு தடவை உடைச்ச மண்டையாச்சே, அடையாளம் தெரியாதா?

— ஒரு தடவைதான் நான். இன்னொண்ணு எங்க கோல்கீப்பர்.

— எல்லாம் ஒரே கும்பல்தானே.

— ரீட்டா போன் பண்ணினாளா?

— எந்த ரீட்டா?

— என் பொண்ணுடா. நடிக்காதே.

— ...ஆமா, பண்ணினா. அழுதுட்டே பண்ணினா. அப்பாவைக் காணோம் மாமா, மத்தியானத்துக்குள்ள ஆஸ்பத்திரியில சேரணும், நாளைக்கு முழங்காலுக்குக் கீழ எடுக்கறாங்க, தள்ளிப்போட்டா உயிருக்கே ஆபத்துன்னு டாக்டர் சொல்லிட்டார்ங்கறா. நீ என்னடான்னா கட்டுப் போட்ட காலோட டாக்ஸி பிடிச்சு இங்க ஓடி வந்திருக்கே. வெக்கமா இல்ல?

— உன்கிட்ட ஏன் சொன்னா? போலீஸ்ல சொல்ல வேண்டியதுதானே.

— பத்து வருஷம் என் முதுகுலயே மூச்சு விட்டவன் நீ. நீ எங்க ஓடுவேன்னு எனக்குத்தான் தெரியும்னு நினைச்சிருக்கா. புத்திசாலிப் பொண்ணு. உன்னை மாதிரி இல்ல.

— போய், பார்க்கலைன்னு சொல்லு.

— மாட்டேன். இன்னிக்கு நான் ஸ்டாப்பர், நீ ஃபார்வர்ட். எங்க போனாலும் பின்னாலயே வருவேன்.

— நீயா? உன் ஜென்மத்துல ஒரு பந்தைத் தடுத்திருப்பியா? கார்னர்னா கூடக் கீழ இறங்கி வர மாட்டே. இடுப்புல கையை வெச்சுட்டு நடுக்கோட்டுல நிப்பே, பொண்ணு பார்க்க வந்த மாப்பிள்ளை மாதிரி.

— கோல் அடிக்கிறவனுக்கு அது ஒரு கெத்துடா. ...தள்ளி உக்காரு, எனக்கும் நிழல் வேணும்.

— உக்காரு. அதென்ன முழு பேண்ட்டு? இந்த ஊர் ஜனவரி வெயில்ல உன்னை அரை டவுசர் தவிர வேற எதுலயும் நான் பார்த்ததில்லையே.

— வயசாச்சுல்ல... கால் ரெண்டும் கொக்குக் கால் மாதிரி ஆயிருச்சு. வெளிய காட்ட முடியல.

— ஒரு வருஷமா ஆளையும் காணோம்.

— கிரேக்கத்துக்கு, சொந்த ஊருக்குப் போறேன்னு சொல்லிட்டுத்தானே போனேன். அக்கா தோட்டத்துல ஆலிவ் பறிக்க ஆள் இல்ல.

— வருஷம் பூரா பறிச்சியா? ஒரு பாட்டில் எண்ணெய் கூட வரலையே எங்க வீட்டுக்கு.

— பேச்சை மாத்தாதே. எழுந்திரு, கார் வெளிய நிக்குது.

— மாட்டேன்.

— சென்சு...

— மாட்டேன்னா மாட்டேன். ...அந்த மூலையைப் பாரு, கடல்காக்கா கூட்டமா மேயுதே. அங்கதான் என் முதல் மேட்ச். விடிகாலைல கறி ஃபாக்டரி வேலை. மாட்டுத் தொடையைத் தூக்கித் தூக்கித் தோள் செத்துப்போயிருக்கும். சாயங்காலம் இங்க வந்து நின்னா, கோச்சு கேட்டார், கோல் அடிக்கத் தெரியுமா? தெரியாதுன்னேன். பந்தை நல்லாக் குடுக்கத் தெரியுமா? அதுவும் தெரியாது. வலி தாங்குவியா? ம்னேன். அப்ப நீ ஸ்டாப்பர்னுட்டார்.

— என் பொழப்பைக் கெடுக்கறதுக்குன்னே வந்து சேர்ந்த மனுஷன்.

— அவர் எனக்குச் சொல்லிக் குடுத்ததே ரெண்டு விஷயம்தான். உனக்கும் அவனுக்கும் நடுவுல கையெட்டுற தூரம், அதுக்கு மேல விடாதே. அப்புறம், அவன் என்ன ஆட்டம் காட்டினாலும் நீ அசையாதே, முதல்ல அசைஞ்சவன் தோத்தான். அவ்வளவுதான். அதை வெச்சே கடைசி வரைக்கும் ஓட்டிட்டேன்.

— ஐயோ, அந்தக் கொடுமையை ஏன் கேக்கறே! நான் உடம்பை இப்படி வளைச்சு, அப்படி வளைச்சு, இடுப்பே ஒடிஞ்சுபோற மாதிரி ஆடுவேன். நீ கல்லு மாதிரி நிப்பே. பந்தையும் பார்க்க மாட்டே, மூஞ்சியையும் பார்க்க மாட்டே.

— உன் மூஞ்சி பொய் சொல்லும்டா. கண்ணு அதுக்கு மேல. கால்தான் பொய் சொல்லாது.

— என் கல்யாணத்துல கூட நீ பக்கத்துலயே நின்னே. பாதிரியார் ஒரு நிமிஷம் குழம்பிட்டார், ரெண்டு பேர்ல எவன்டா மாப்பிள்ளைன்னு.

— என் சூட் நல்லா இருந்துச்சு. அதான்.

— சிரிச்சுட்டே! ...அப்ப அந்தக் கோப்பை ஃபைனல் ஞாபகம் இருக்கா?

— அதைப் பேசாதே.

— பேசுவேன். நீங்க ஒரு கோல் முன்னால. என் பூட்ஸ் லேஸ் அறுந்துபோச்சு. கோட்டுக்கு வெளிய போய் எங்க பெஞ்சுகிட்ட உக்காந்தேன். நிமிர்ந்து பார்த்தா, நீ!

— எங்க போனாலும் கூடவே போன்னுதானே கோச்சு சொன்னார்.

— டேய், நான் ஆட்டத்துலயே இல்லடா, உள்ள போடான்னு கத்தறேன். நீ நகர மாட்டேங்கறே. நானும் சரி போன்னு—

— முடிச்சுல விரலை வெச்சுக்கோன்னு நீதான்டா சொன்னே!

— ஆமா, நீயும் வெச்சே! குனிஞ்சு, பயபக்தியா, விரலை வெச்சுட்டு நிக்கறே. அந்த நேரம் பார்த்து எங்க குட்டைப் பாவ்லோஸ், நீ நிக்க வேண்டிய இடத்து வழியா ஹாயா நடந்துபோய்...

— கூட்டம் கத்தினப்பதான் நிமிர்ந்தேன். விரல் இன்னும் உன் லேஸ் மேல.

— எங்க பெஞ்சு முழுக்க உருண்டு புரண்டு சிரிச்சாங்க. உங்க ஆளு ஒருத்தன் தொத்திறைச்சி ரொட்டியை உன் மேல வீசினான்.

— அப்புறம் ஒரு மாசம் சர்ச்சுக்கே போக முடியல. பிரசங்கத்துல கூடச் சொல்லிக் காட்டிட்டார் பாதர். ...எந்தக் கால் பூட்ஸ் அது? ஞாபகம் இருக்கா?

— இடது. அது... இரு, ரீட்டா கூப்பிடறா.

— எடுக்காதே.

— ஹலோ... ஆமாம்மா, இங்கதான் இருக்கான். உங்க கிளப் கிரவுண்டுல. நல்லாத்தான் இருக்கான், வாய் நல்லா வேலை செய்யுது. மத்தியானத்துக்குள்ள கூட்டிட்டு வந்துருவேன். அழாதே... நான் இருக்கேன்ல, அழாதேம்மா.

— எதுக்கு வாக்குக் குடுக்கறே?

— அவ அழறாடா! உனக்கு மனசுன்னு ஒண்ணு இருக்கா இல்லையா?

— ...தேசிய அணிக்கு என்னைக் கூப்பிட்டாங்களே ஒரு தடவை.

— தெரியும். கடைசி நேரத்துல இறக்கினாங்க.

— பந்து என் பக்கமே வரல. விசில் அடிச்சுட்டான். சட்டை வேர்வையில நனையக்கூட இல்ல. எங்கம்மா சாகுற வரைக்கும் அந்தச் சட்டையை மாதா படத்துக்குக் கீழ மாட்டி வெச்சிருந்தா. வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம், என் மவன் இருக்கறப்ப ஒருத்தனும் கிட்ட வரலைன்னு சொல்லுவா.

— உண்மைதானே அது.

— உன் பேரைச் சொல்லி மேளம் அடிச்சாங்க தனாசி. பாட்டுக் கட்டினாங்க. நடக்காமப் போன கோலுக்கு எவன் கை தட்டுவான்? பேப்பர்ல என் பேர் வந்தா, அன்னிக்கு நீ என்னைத் தாண்டிட்டேன்னு அர்த்தம். எனக்குன்னு இருந்ததே இந்த வலது கால்தான். இதை நீட்டித்தான் சோறு தின்னேன், வீடு கட்டினேன், ரீட்டாவைப் படிக்க வெச்சேன். இதைப் போய் வெட்டிப் போட்டுட்டு... கறி ஃபாக்டரியில நான் வெட்டின மாதிரியே...

— அப்படிப் பேசாதே.

— பயமா இருக்குடா. மாதா மேல சத்தியமா. உன்னை மாதிரி எருமை மாடுங்க ஓடி வந்து மேல விழுந்தப்பகூட நான் பயந்ததில்ல. நாளைக்கு மயக்கம் தெளிஞ்சு போர்வையைப் பார்ப்பேன்ல... ஒரு பக்கம் தட்டையாக் கிடக்குமே. பாத்ரூம் போக என் பொண்ணு என்னைப் பிடிச்சுக்கணுமா? எவனுக்கும் அசையாத இந்த ஆளையா?

— நடக்கலாம் சென்சு. இப்பல்லாம் நல்லாச் செஞ்சு குடுக்கறாங்க. பழகிட்டா—

— உனக்கென்ன தெரியும்? ரெண்டு காலோட உக்காந்துட்டுப் பேசறே.

— ...சரி, விடு. வெயில் ஏறுது, கிளம்பு.

— என் பூட்ஸ் ஆணி கிழிச்ச தழும்பு உன் காலுல இருக்குமே, முழங்காலுக்குக் கீழ. பேண்ட்டைத் தூக்கு, ஒரு தடவை பார்த்துக்கறேன்.

— இப்ப எதுக்கு அது?

— நான் ஆடினதுக்கு உலகத்துல மிச்சம் இருக்கற ஒரே அடையாளம் அதுதான். காட்டு.

— ஆஸ்பத்திரிக்கு வா. அங்க காட்டறேன்.

— இங்கயே காட்டு.

— முடியாதுடா!

— ஏன் முடியாது?

— பிடிவாதக் கழுதை... பிடிவாதக் கழுதை நீ! சரி, கேட்டுக்கோ. நான் ஊருக்குப் போகல. ஆலிவும் இல்ல, மண்ணாங்கட்டியும் இல்ல. அக்கா இருக்கறது இந்த நாட்டுலயே, அடிலெய்டுல. அங்க ஒரு ஆஸ்பத்திரி, அப்புறம் நடக்கப் பழக்கற இடம். எனக்கும் உன்னை மாதிரியே சர்க்கரைதான்டா. உனக்கு முன்னாலயே எனக்கு ஒரு கால் போயிருச்சு.

— ம்.

— யார்கிட்டயும் சொல்லல. ஊர்ல எவன் பார்த்தாலும் போறான் போன்னு விட்டிருப்பேன், நீ பார்க்கக் கூடாதுன்னு இருந்தேன். உன்னை ஏமாத்தறதுக்குன்னே பிறந்த காலாச்சே... அது இல்லாம உன் முன்னால எப்படி வந்து நிப்பேன்? ஆனா இப்ப சொல்றேன். நடக்கறேன், கார் ஓட்டறேன், போன மாசம் ஒரு கல்யாணத்துல டான்ஸ் கூட ஆடினேன். இத்தனை நேரம் உன் பக்கத்துல உக்காந்திருக்கேன். பத்து வருஷம் என் காலை மட்டுமே பார்த்தவன் நீ. உன்னாலயே கண்டுபிடிக்க முடியலைன்னா வேற எவனாலடா முடியும்? சொல்லு பார்ப்போம்... எந்தக் கால்?

— இடது. கேட் சத்தம் கேட்டுத் திரும்பிப் பார்த்தேன். முதல் படியிலயே இடது பாதம் வளையாம பலகை மாதிரி விழுந்துச்சு. ஆனா கைப்பிடிக் கம்பியைத் தொடாமக் கீழ வரைக்கும் இறங்கி வந்தே பாரு, அப்பவே ஆஸ்பத்திரிக்குப் போயிடறதுன்னு முடிவு பண்ணிட்டேன். பயம் இன்னும் இருக்கு, அது நிஜம். ஆனா நீயா வாயைத் திறக்கிற வரைக்கும் நான் அசையறதா இல்ல. சரி, அழாதேடா எருமை. கை குடு, எழுந்திருக்கணும்.