கிளை நட்ட பாதை

குளிரில் பேனா எழுதாது, ஐயா. மை உறைந்துவிடும். அதனால் எங்கள் வேட்டைக் குடிலில் எப்போதும் பென்சில்தான். நீங்கள் மேசைமேல் வைத்துவிட்டுப் போன பேனா நன்றாக எழுதுகிறது. அறை சூடாக இருப்பதால் இருக்கலாம். நேற்று முழுக்க நீங்கள் கேட்டதற்கு நான் வாய் திறக்கவில்லை என்று கோபப்பட்டிருப்பீர்கள். அது பிடிவாதம் இல்லை. எனக்குப் பேச வராது. ஒன்பதாம் வகுப்பில் எழுந்து நின்று ஒரு பக்கம் வாசிக்கச் சொன்னார்கள். எழுந்தேன். மணி அடிக்கும்வரை நின்றுகொண்டே இருந்தேன். அதன்பிறகு பள்ளிக்கூடம் போகவில்லை. எழுதச் சொன்னால் எழுதுவேன்.

என் அக்கா ஹெல்மியின் கணவர் கர்ட்டிஸ் எங்கள் குளத்தில் பனிக்கட்டி உடைந்து இறந்துபோனார். அதை விசாரிக்க எங்கள் வேட்டை நோட்டை எடுத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். நீங்கள் அதைத் திருப்பித் தரும் அன்றே அடுப்பில் போட்டுவிடுவதாக அப்பா சொல்லிவிட்டார். குளத்துப் பனி தாங்குமா என்று சோதித்தவர் அவர். அவர் சொன்னதைத்தான் நோட்டில் எழுதினேன். ஒரு மனிதனைக் கொன்ற நோட்டு இனி வீட்டில் இருக்கக் கூடாது என்கிறார். அது சரியில்லை. நோட்டில் பிழை இல்லை. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

நீங்களும் இந்தப் பக்கத்து ஆள்தான். ஆனாலும் எல்லாக் குடிலிலும் எங்கள் அளவுக்கு எழுதுவதில்லை. சாயங்காலம் எல்லோரும் சவுனா நீராவி அறையில் வியர்த்துக் குளித்துவிட்டு, தலை ஈரத்தோடு மேசையைச் சுற்றி உட்காருவார்கள். நான் இறைச்சி அடைத்த பேஸ்டிகளைச் சுடவைத்துப் பரிமாறிவிட்டு நோட்டைத் திறப்பேன். யார் எந்தப் பரணில் உட்கார்ந்தார், காற்று எந்தப் பக்கம், பனி எவ்வளவு, எந்த மான் எங்கிருந்து வந்து எங்கே போனது. ஒவ்வொருவராகச் சொல்ல நான் எழுத வேண்டும். அப்பாவுக்கு ஒரே விதி: "பாத்ததச் சொல்லு. நெனச்சதச் சொல்லாத."

"எழுதிக்கோ ஐலி," என்பான் என் அண்ணன் டவுனோ. "கெழக்குப் பரண். ஒரு பெண்மான், ரெண்டு குட்டி. அதுக்கப்புறம் நான் தூங்கிட்டேன்."

"அதையும் எழுது," என்பார் அப்பா.

எழுதுவேன். பல வருடம் எழுதியதைத் திருப்பிப் பார்த்தால் காடு எப்படி யோசிக்கிறது என்று தெரியும். வடமேற்குக் காற்று பெரிய ஏரியைத் தாண்டி வந்தால் இரவே பனி கொட்டும். மறுநாள் காலை மான்கள் தேவதாரு மரங்களுக்கு அடியில்தான் இருக்கும். தெற்குக் காற்றில் மேட்டுப் பரண் வீண். ஒரு மான் ஒரே வழியில் மூன்று முறை போனால் நான்காவது முறையும் அதே வழியில்தான் போகும். இதையெல்லாம் எனக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நோட்டு சொன்னது. ராத்திரி சாப்பாடு முடிந்ததும் அப்பா என் பக்கம் திரும்பி, "நாளைக்கு எங்க உக்காரலாம் ஐலி?" என்று கேட்பார். அத்தனை ஆண்களும் கப்பைக் கீழே வைத்துவிட்டு என் விரல் எந்த வரியில் நிற்கிறது என்று பார்ப்பார்கள். நான் பேச வேண்டியதில்லை. காட்டினால் போதும்.

வில்ஹோ சித்தப்பாவைப் பற்றியும் சொல்ல வேண்டும். அப்பாவின் கூடப்பிறந்த தம்பி. ஒரு வருடம் மேட்டுப் பரணில் உட்கார்ந்துவிட்டு வந்து, ஒன்றும் பார்க்கவில்லை என்று எழுத வைத்தார். பெரிய கலைமான் ஒன்று அங்கே நடமாடுவதைப் பார்த்திருக்கிறார். அதைத் தனக்கென்று வைத்துக்கொண்டார். அடுத்த வருடம் அது வெளியே வந்தது. அப்பா சத்தம் போடவில்லை. நோட்டில் சித்தப்பா பெயர்மேல் ஒரு கோடு இழுக்கச் சொன்னார். இழுத்தேன். அதோடு சரி. சித்தி செத்தபோது கல்லறையில் அப்பா அவர் கையைக் குலுக்கினார். ஒரு வார்த்தை பேசவில்லை.

கர்ட்டிஸ் தெற்கே இருந்து வந்தவர். பெரிய பாலத்துக்குத் தெற்கே இருப்பவர்களை, கதையில் பாலத்துக்கு அடியில் வாழும் பூதத்தை வைத்து, எங்கள் ஊரில் பூதம் என்று கேலி செய்வது உங்களுக்குத் தெரியும். முதல் வருடமே ஒரு மானைக் குறிதவறிச் சுட்டார். குறி தவறினவருக்குச் செய்யும் வழக்கப்படி டவுனோ கத்திரிக்கோலை எடுத்து அவர் சட்டையின் பின்நுனியை வெட்டிச் சுவரில் ஆணி அடித்தான்.

"டேய், எங்கம்மா வாங்கிக் குடுத்த சட்டைடா."

"பூதத்துக்கெல்லாம் அம்மா இருக்கா?"

கர்ட்டிஸ்தான் எல்லோரையும்விட அதிகமாகச் சிரித்தார். நல்ல மனிதர். இதை நான் மறைக்க விரும்பவில்லை. ஊரிலிருந்து வரும்போதெல்லாம் எனக்கு ஒரு பெட்டி பென்சில் கொண்டுவருவார். என்னை "எழுத்தரம்மா" என்று கூப்பிடுவார்.

இந்த வருடம் பென்சிலோடு கேமராக்களும் கொண்டுவந்தார். மரத்தில் கட்டிவிட்டால் எது குறுக்கே போனாலும் தானாகப் படம் எடுக்கும். குளத்துக்கு வடகரையில் மூன்று கட்டினார். ராத்திரிச் சாப்பாட்டின்போது அந்தப் படங்களை ஒரு சின்னத் திரையில் காட்டினார். நேரம், தேதி, குளிர் எவ்வளவு என்பதுகூட அடியில் அச்சாகி இருந்தது. டவுனோ கையிலிருந்து அப்பா கைக்குத் திரை போனது. அன்று நான் நோட்டைத் திறந்து வைத்திருந்தேன். யாரும் கேட்கவில்லை. ஏலக்காய் ரொட்டி ஆறிப்போனது.

அப்பா கடைசியில் என்னைப் பார்த்து, "ஐலி, இதுல இருக்கறத நீ எழுதிக்கோ," என்றார்.

நான் கோபப்படவில்லை. ஒரு புது விலங்கு காட்டுக்குள் வந்தால் முதலில் செய்ய வேண்டியது அதைக் கவனிப்பது. கர்ட்டிஸைக் கவனித்தேன். நோட்டில் அல்ல, என் சொந்தக் காகிதத்தில். ஒரு நாள் விட்டு ஒரு நாள் விடியும் முன் எழுவார். காப்பி மட்டும் குடிப்பார். குளத்தைத் தாண்டிப் போய்க் கேமராக்களின் மெமரி கார்டுகளை மாற்றிக்கொண்டு திரும்புவார். டார்ச்சை நிலத்தில்தான் அடிப்பார், தலையைத் தூக்கமாட்டார். மூன்று முறை ஒரே வழி. அப்போது எனக்கு ஒரு நோக்கமும் இல்லை. பழக்கம்தான்.

பிறகு ஒரு மத்தியானம் விறகுக் கொட்டகைக்கு வந்து திரையை என் முன்னால் நீட்டினார். வடகரையில் பிர்ச் மரப் பரணில் நான் உட்கார்ந்திருக்கிறேன். மடியில் என் காகிதம். எனக்குக் கீழே, கல்லெறி தூரத்தில், ஒரு பெரிய கலைமான் நிற்கிறது. இடது கொம்பு கீழ்நோக்கி வளைந்தது. அது என்னையே பார்க்கிறது.

"இது எந்த நாள்னு பாத்தியா எழுத்தரம்மா? அன்னிக்கு ராத்திரி நோட்டுல என்ன எழுதுன? 'பிர்ச் பரண், ஒண்ணும் வரல.'"

நான் அடுத்த விறகை எடுத்து அடுக்கினேன்.

"எத்தன வருஷமா இவன ஒளிச்சு வெச்சிருக்க?"

நான்கு வருடம். சொல்லவில்லை. அவர் சிரித்தார். கேலியாக அல்ல. அதுதான் எனக்கு முதலில் சந்தேகத்தைக் கொடுத்தது.

"பயப்படாத. மாமா கிட்ட நான் பக்குவமாச் சொல்றேன். சுடறதுக்கு மனசு வரலன்னு சொன்னா அவரு புரிஞ்சுக்குவாரு. ஞாயித்துக்கெழம, எல்லாரும் இருக்கும்போது. இத்தோட இத விட்ரு ஐலி. நீ எங்க கூட வா. ஹெல்மியும் நானும் பேசிட்டோம். ஒரு ரூம் காலியா இருக்கு. படிச்சு முடிக்காதவங்களுக்குன்னு சாயங்கால வகுப்பு நடக்குது. உன் எழுத்தப் பாத்தா அவங்க அசந்துருவாங்க."

ஐயா, இதை நிதானமாக யோசித்துப் பாருங்கள். அவர் என் பெயர்மேல் கோடு இழுக்க வைக்கப் போகிறார். வில்ஹோ சித்தப்பா செய்ததையேதான் நானும் செய்திருந்தேன், அப்பாவுக்கு இரண்டு நியாயம் கிடையாது. அதன்பிறகு முன்பின் தெரியாதவர்கள் நிறைந்த அறையில் என்னை எழுந்து நின்று வாசிக்கச் சொல்வார்கள். இவ்வளவையும் செய்துவிட்டு, எனக்கு நல்லது செய்ததாக அவர் நினைத்துக்கொள்வார். அவர் எதற்கு என்மேல் இவ்வளவு அக்கறைப்பட வேண்டும் என்று இரவெல்லாம் யோசித்தேன். நோட்டு வேண்டும் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

இனி நீங்கள் கேட்ட கேள்விக்கு வருகிறேன். நோட்டில் ஒன்று இருக்கிறது, குளத்தில் ஒன்று இருக்கிறது, எது சரி என்று கேட்டீர்கள்.

நோட்டுதான் சரி. அப்பா வேட்டை தொடங்கிய வாரமே, புதன்கிழமை அன்று, கடப்பாரையால் அடிக்கு அடி குத்திப் பார்த்துக்கொண்டே குளத்தைக் கடந்தார். தாங்கும் இடத்தில் எல்லாம் தேவதாருக் கிளையைப் பனியில் நட்டுக்கொண்டே போனார். இது அவர் அப்பா காலத்து வழக்கம். எந்த இருட்டிலும் கிளைக்குக் கிளை நடந்தால் கரை சேர்ந்துவிடலாம். அன்று இரவு அவர் சொல்ல நான் எழுதியது இது: "குளம் தாங்குகிறது. பாதை பீவர் வீட்டுக்குக் கிழக்கே நன்றாக வளைந்து போகிறது." பீவர்கள் குளத்தில் கிளையும் மண்ணும் அடுக்கிக் கட்டிய அந்த வீட்டிலிருந்து குளிர்காலம் முழுவதும் பனிக்கு அடியில் நீந்திப் போய்த் தாங்கள் சேர்த்துவைத்த கிளைகளைத் தின்னும். அவை போய்வரும் தடத்துக்கு மேலே பனி கெட்டிப்படாது. இது இங்கே குழந்தைகளுக்கும் தெரியும். தெற்கத்தி ஆட்களுக்குத் தெரியாது. கர்ட்டிஸுக்குக் கிளைகள் மட்டும்தான் தெரியும்.

சனிக்கிழமை மத்தியானம் காற்று வடமேற்குக்குத் திரும்பியது. இரவு பனி கொட்டும் என்று தெரிந்தது. அப்பா மேட்டுப் பரணிலும் கர்ட்டிஸ் கிழக்குப் பரணிலும் இருந்தார்கள். நடுவில் இருந்த கிளைகளைப் பிடுங்கி, வளைவு இல்லாமல் நேராக, பீவர் வீட்டுப் பக்கமாக நட்டேன். நான் எடை குறைந்தவள்தான். இருந்தாலும் கடைசி இரண்டு கிளைகளுக்கு வயிற்றில் படுத்து ஊர்ந்துதான் போனேன். பழைய குழிகளையும் என் தடத்தையும் இரவுப் பனி மூடியது. பொறுப்பில்லாமல் எதையும் செய்யவில்லை. டவுனோ தன் மானைப் பதிவு செய்ய ஊருக்குப் போயிருந்தான், ஞாயிறு சாயங்காலம்தான் வருவான். அப்பாவுக்கு வடகரையில் வேலை இல்லை. அந்தக் காற்றில் தேவதாருப் பக்கம் உட்காரும்படி நோட்டைக் காட்டினேன். அது குளத்திலிருந்து தூரம், சத்தம் கேட்காது. உட்கார்ந்தார். அங்கே மான் வரத்தான் செய்தது. நீங்கள் கேட்டுப் பாருங்கள்.

ஞாயிறு விடியும் முன்பே கரையைச் சுற்றிப் போய் நான் பிர்ச் பரணில் இருந்தேன். டார்ச் வெளிச்சம் கிளைக்குக் கிளை வருவதைப் பார்த்தேன். அவர் தலையைத் தூக்கவில்லை. கரையில் இருக்கும் மரத்தில் எப்போதும் ஒரு நீளக் கயிறு தொங்கும், யாராவது உள்ளே போனால் இழுப்பதற்கு. அது அன்றும் அங்கேதான் இருந்தது. நீங்கள் எடுத்த படத்திலும் சுற்றினது சுற்றினபடியே இருக்கும். அதை நான் தொடவே இல்லை.

அன்றைய பக்கத்தை நீங்கள் வாசித்திருப்பீர்கள். "பிர்ச் பரண். வடமேற்குக் காற்று, லேசானது. விடியலில் குளத்தில் இரைச்சல். மூன்று பெண்மான்கள் தலை தூக்கிக் குளத்தையே பார்த்தன. சிறிது நேரத்தில் பழகிவிட்டன. இரைச்சல் நிற்பதற்கு முன்பே மறுபடி மேயத் தொடங்கின." இதில் ஒரு சொல்லும் பொய் இல்லை. மான்கள் ஆள் குரலுக்கு ஓடிவிடும் என்று எல்லோரும் நினைக்கிறார்கள். ஒரே இடத்திலிருந்து வந்தால் ஓடுவதில்லை. இது எங்கள் நோட்டில் இதற்குமுன் இல்லாத செய்தி.

அவர் என் பெயரையும் கூப்பிட்டார். அதை எழுதவில்லை. மான்களைப் பற்றியது இல்லை என்பதால்.

அப்பா இப்போது தன் கண்ணைச் சந்தேகப்படுகிறார். "நாந்தான் கோணலா நட்டுட்டேன், நாந்தான் என் பொண்ணுத் தாலிய அறுத்தேன்," என்று அடுப்பைப் பார்த்துச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். சாப்பிடுவதில்லை. ஹெல்மி வந்தபோது அவள் முகத்தைப் பார்க்காமல் எழுந்து விறகு வெட்டப் போய்விட்டார். இது நான் எதிர்பார்க்காதது. அவரிடம் சொல்லுங்கள், அவர் நட்ட பாதை சரி, அவர் சொன்ன வரி சரி. நகர்த்தியது நான். கர்ட்டிஸை நான்தான் கொன்றேன். இதை வைத்துக்கொண்டு என்னை எங்கே அனுப்பினாலும் போகிறேன். நோட்டை மட்டும் எரிக்க வேண்டாம். அன்றைக்குப் பிறகு பக்கங்கள் வெறுமையாக நிற்கின்றன. யாரிடமாவது கொடுத்து எழுதச் சொல்லுங்கள்.

கர்ட்டிஸின் சட்டைப் பையில் ஒரு மெமரி கார்டு இருந்திருக்கும். காய்ந்தால் நானும் கலைமானும் இருக்கும் படம் தெரியலாம். அதை அப்பாவிடம் நானே காட்ட வேண்டும், ஐயா, நீங்கள் காட்ட வேண்டாம். இத்தனை வருடத்தில் நான் செய்த ஒரே தப்பு அந்தக் கலைமானை எழுதாமல் விட்டதுதான். அதற்கு மட்டும் அவர் காலில் விழுந்து மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.