ராத்திரிக்கு ஒரு தையல்

நவம்பர் மாதம். இரவு பதினொரு மணி. பாதிரியார் வீட்டிலிருந்து நம் ஊருக்கு வரும் காட்டுச் சாலை... வழியில் ஒரு வீடு கிடையாது. பனி உறைந்து, காலை வைத்தால் நொறுங்கும். அந்தச் சாலையில் கேலா தனியாக நடந்து வந்தாள்.

யார் கேலா என்கிறீர்களா? என் தோழி மார்ட்டாவின் அண்ணி. யோஸ்டின் மனைவி. அமெரிக்காவில் குடியேறிய ஜனங்கள் இங்கிலாந்து ராஜா வேண்டாம், எங்களை நாங்களே ஆண்டுகொள்கிறோம் என்று கிளம்பினார்களே... அவர்களைச் சுட்டு அடக்க நம் ஹெஸ்ஸே நாட்டுப் பிரபு ஆட்களை வாடகைக்கு அனுப்பியபோது யோஸ்டும் போனான். அவனுக்கும் அந்தச் சண்டைக்கும் என்ன சம்பந்தம்? ஒன்றுமில்லை. கல்யாணமாகி நான்கு மாதம்தான் ஆகியிருந்தது.

ராட்டையை நிறுத்தாதே, லீஸ்பெத். நூற்கும் சத்தம் நின்றால் சொல்கிற எனக்கே பயமாக இருக்கிறது.

அன்றைக்குத்தான் யோஸ்டின் கடிதம் வந்திருந்தது. கேலாவுக்கு வாசிக்கத் தெரியாது. பாதிரியார் வாசித்தார். குளிர் அதிகம், ரொட்டியில் புழு, தளபதி திட்டுகிறார்... நடுவில் ஒரு செய்தி. 'இங்கே ஒரு விதவை எங்கள் சட்டைகளைத் துவைத்து, கிழிசலைத் தைத்துத் தருகிறாள். நம் ஜெர்மன் பாஷை பேசுகிறாள். கைவேலை ரொம்ப நேர்த்தி.' இதை மட்டும் கேலா மூன்று முறை வாசிக்கச் சொன்னாள். அப்புறம் எழுந்து வந்துவிட்டாள். புருஷன் உயிரோடு இருக்கிறான் என்ற சந்தோஷமே அவளுக்கு வரவில்லை. வயிறு எரிந்தது.

ஓடைப் பாலம் தாண்டியதும் பின்னால் காலடிச் சத்தம். ஒரு காலை அழுத்தி வைத்து... மறு காலை இழுத்து. சரக்... சரக்... திரும்பினாள். யாருமில்லை. புளித்த திராட்சைக் காடியின் நெடி மட்டும் முகத்தில் அடித்தது.

ஓடினாள். கதவைத் தாழிட்டாள். போர்வைக்குள் புகுந்துகொண்டாள். விளக்கை மட்டும் அணைக்கவில்லை.

நெடி உள்ளே வந்தது.

கட்டில் பக்கத்தில் யோஸ்ட் நின்றான். கல்யாணச் சட்டை போட்டிருந்தான்.

நம் வழக்கம் நமக்குத் தெரியும். மணப்பெண் தானே நூற்று, தானே தைத்து மாப்பிள்ளைக்குக் கொடுக்கிற சட்டை. கல்யாணத்தன்று ஒருமுறை போடுவான். பிறகு பெட்டிக்குள் போய்விடும். மறுபடி வெளியே எடுப்பது அவனைப் புதைக்கும்போதுதான். கேலா அதை அவன் மூட்டைக்குள் வைத்துத்தான் அனுப்பியிருந்தாள். செத்தாலும் வேறொருத்தி தைத்த துணி அவன் மேல் படக்கூடாதாம். அப்படிப்பட்டவள்.

அந்தச் சட்டையில் வந்து நிற்கிறான் என்றால் நீங்களும் நானும் என்ன செய்வோம்? அலறுவோம். ஜபம் சொல்வோம். கேலா இடது மார்பைப் பார்த்தாள். அங்கே ஒரு கிழிசல். அதைக் கறுப்பு நூலால் ஐந்து தையல் போட்டு மூடியிருந்தது. ஒவ்வொரு தையலுக்கும் தனித்தனி முடிச்சு. அவள் தைத்த சட்டையில் இன்னொருத்தியின் நூல்!

"இதுதான் அவளோட நேர்த்தியா?" என்றாள். "இதைக் காட்டத்தான் இம்புட்டு தூரம் வந்தியா?"

அவன் மெதுவாக மூச்சு விட்டான். அவள் கத்தரிக்கோலை எடுத்தாள். ஒரு முடிச்சை வெட்டி நூலை உருவினாள். அவன் உடம்பு துள்ளியது... பிறகு அவன் இல்லை.

மறுநாள் மார்ட்டாவிடம் சொன்னாள். மார்ட்டா அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அண்ணி, கல்யாணச் சட்டையில அண்ணன் வருதுன்னா அதுக்கு என்ன அர்த்தம்னு உங்களுக்குத் தெரியாதா? தொடாதீங்க. பாதிரியாரைக் கூட்டிட்டு வரேன்."

"அந்தச் சட்டைய நூத்தது நீயா, நானா?"

"உயிரு பெருசா, தையல் பெருசா அண்ணி?"

"உனக்குப் புருஷன் இருந்தா தெரியும்டி."

மார்ட்டாவுக்கு இன்றும் கல்யாணமாகவில்லை. அந்தப் பேச்சோடு அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். பாதிரியாரிடம் போகவில்லை.

இரண்டாம் இரவும் வந்தான். ஒரு தையல். மூன்றாம் இரவு, ஒன்று. நான்காம் இரவு வந்தவனால் நிற்க முடியவில்லை, கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டான். கேலாவுக்கும் மனசு இளகத்தான் செய்தது. கையைப் பிடிக்கப் போனாள். அதற்குள் அந்தக் கறுப்பு நூல் கண்ணில் பட்டது... அந்த விதவையின் விரல்கள் இவன் நெஞ்சைத் தடவிக்கொண்டு தைத்திருக்குமே என்று தோன்றியது. வெட்டினாள்.

சிரிக்காதீர்கள். என் புருஷனும் அமெரிக்காவில்தான் இருக்கிறான். நானாக இருந்தாலும் கத்தரியைத்தான் எடுத்திருப்பேன்.

ஐந்தாம் இரவு. கடைசித் தையல். அவன் அவள் மணிக்கட்டைப் பிடித்தான். பிடியில் பலமே இல்லை. அவள் உதறிவிட்டு வெட்டினாள். கிழிசல் திறந்துகொண்டது... விரல்கள் சூடாக நனைந்தன. காடி நெடி போய், இரும்பு வாசனை வந்தது. அவன் உதடு "கேலா" என்று அசைந்தது. அவ்வளவுதான்.

விடிந்ததும் பார்த்தால் நகக்கண்ணெல்லாம் கறுத்திருந்தது. சாம்பல் போட்டுத் தேய்த்தும் போகவில்லை.

வசந்தகாலத்தில் அடுத்த கடிதம் வந்தது. யோஸ்டின் கையெழுத்து அல்ல. படையோடு போன பாதிரியார் எழுதியது. நம் பாதிரியார் அதைக் கேலாவுக்கு வாசித்தபோது மார்ட்டாவும் கூட இருந்தாள். அவள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நவம்பர் மாதம் யோஸ்டுக்கு நெஞ்சில் குண்டுக் காயம். படை வைத்தியர் குண்டை எடுத்து, காடியால் கழுவி, கறுப்புப் பட்டு நூலால் சதையில் ஐந்து தையல் போட்டார். மூட்டையில் சுத்தமான துணி என்று இருந்தது கல்யாணச் சட்டைதான், அதைப் போட்டுவிட்டார்கள். சட்டையில் கிழிசலே கிடையாது. கஞ்சி குடித்தான், தேறிவிடுவான் என்றார்கள். பிறகு ராத்திரிக்கு ஒரு தையலாக அவிழ்ந்தது. காவல் வைத்துப் பார்த்தும் யாரும் உள்ளே வரவில்லை. ஐந்தாம் இரவோடு போய்விட்டான். துவைக்கிற அந்த விதவைக்கு வயது எழுபத்தொன்று. அவளும் வந்து மண் போட்டாளாம்.

கடிதம் அதோடு முடியவில்லை.

அந்த ஐந்து இரவும் யோஸ்ட் தன் குறுகலான படுக்கையில் சுவரோடு ஒட்டிப் படுத்து, பாதி இடத்தை விட்டிருக்கிறான். காயத்தோடு ஏன் இப்படி ஒடுங்கிக் கிடக்கிறாய் என்று கேட்டதற்குச் சிரித்தானாம். "என் பொண்டாட்டி வருவா சாமி. அவளுக்கு இந்தப் பக்கம்தான் புடிக்கும்."

அவன் இறந்த காலையில் அந்தப் பாதிரியார் கண்களை மூடிவிடக் குனிந்தபோது, அவன் விட்டிருந்த பக்கத்தில் கையை ஊன்றினார். வைக்கோல் ஓர் ஆள் படுத்த அளவுக்கு அமுங்கிக் கிடந்தது... தொட்டால் சூடாக இருந்தது.