தாய்க்கு நல்ல தண்ணீர், லொறிக்கு உப்புத் தண்ணீர்

ஒரு தாயின் உயிரைக் காத்த குற்றத்துக்காகச் சாரதி முத்தலிப்பை வேலையிலிருந்து துரத்திய மனிதர், இதோ இந்த மேடையில், கழுத்தில் மாலையோடு உட்கார்ந்திருக்கிறார்.

இதை முதலில் சொன்னால்தான் என் கைகள் குவியும். அவைத்தலைவர் வீரகத்தி அவர்களே, நெல்லைக் காயவிட்டு வந்திருக்கும் முரசுமோட்டைப் பெரியோர்களே, பிள்ளையை இடுப்பில் வைத்தபடி பின்னால் நிற்கும் தாய்மாரே, வெந்த இடதுகால்களோடு வந்திருக்கும் என் சாரதித் தோழர்களே, சிறப்பு விருந்தினர் தவராசா முதலாளி அவர்களே, வணக்கம்.

இடதுகால் என்றதும் அங்கே சிரிப்புக் கேட்கிறது. சிரியுங்கள். பட்டவர்கள்தான் சிரிப்பீர்கள்.

நான் ஓட்டப் பழகியது பட்டாளம் விட்டுப்போன லொறியில். அதற்கு நீண்ட மூக்கு. எஞ்சின் அந்த மூக்குக்குள் கொதிக்கும்; நாம் பின்னால் இருப்போம். பிறகு கப்பலில் வந்து இறங்கியது சப்பைமுக லொறி. வன்னி உடனே பெயர் வைத்தது: மூக்கறையன். அறுந்த மூக்கு எங்கே போனது? எங்கள் இடது முழங்காலுக்குப் பக்கத்தில் வந்து குந்தியது! அதே நீளத்தில் கூடுதல் மூட்டை ஏற்ற வேண்டுமாம். எஞ்சினைத் தூக்கி எங்கள் அருகில் வைத்தார்கள். மூட்டைக்கு இடம் கிடைத்தது. மனிதனுக்கு அடுப்புக் கிடைத்தது.

பழைய வண்டியில் மூக்கு முன்னே போகும். மூக்கறையனில் சக்கரத்துக்கும் முன்னே மனிதன் போகிறான். வாய்க்கால் வளைவில் உங்கள் பாதம் தண்ணீருக்கு மேலே தொங்கும்வரை பொறுத்துத்தான் திருப்ப வேண்டும். பழைய பழக்கத்தில் முந்தித் திருப்பி, சேறும் சகதியுமாய் ஏறி வந்தவர்கள் எத்தனை பேர்! ஓம் சின்னராசா அண்ணை, கையை இறக்குங்கோ, ஊருக்கே தெரியும்.

போன பங்குனியில், முதலாளியின் மூக்கறையனில் பூநகரியிலிருந்து நெல் ஏற்றி வந்தார் முத்தலிப். வழியில் இளையதம்பி கைகாட்டி மறித்தார். மனைவி பத்மாசனிக்குப் பிள்ளைப்பேற்று நோ கண்டுவிட்டது, பஸ் வரவில்லை. பத்மாசனியைக் கதவோரத்தில் இருத்திவிட்டு, நனைத்த சாக்கை எஞ்சின் மூடியில் போட்டுக் கணவர் குந்தினார். மேலே வெயில் கொதித்தது. பக்கத்தில் எஞ்சின் கொதித்தது. பாதிவழியில் ரேடியேற்றர் ஆவி கக்கியது. பத்மாசனிக்குக் கண் செருகியது.

லொறியில் இருந்தது ஒரு வாளி நல்ல தண்ணீர். அது யாருக்கு? எந்தச் சாரதியையும் கேளுங்கள். லொறிக்கு! முதலில் லொறி குடிக்கும். மிஞ்சினால் மனிதன் குடிப்பான். இது எங்கள் தொழிலின் வேதம். எழுதியவர்கள் வெயிலில் நின்றவர்கள் அல்லர்.

இளையதம்பிக்கே வாளியைத் தொடப் பயம். “அண்ணை, உது லொறிக்கு வச்ச தண்ணியெல்லோ? முதலாளி கேட்டா?”

முத்தலிப் சொன்னார்: “லொறி உப்பும் குடிக்கும், தம்பி. தங்கச்சி குடிக்குமா?”

நல்ல தண்ணீர் தாய்க்குப் போனது. ரேடியேற்றரின் கொதி தணிந்ததும், வெறும் வாளியோடு கடல்நீரேரிக்கு இறங்கி, உப்புத் தண்ணீரை அள்ளி வந்து லொறிக்கு ஊற்றினார். உப்பு எஞ்சினை அரிக்கும் என்று அவருக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தே ஊற்றினார். கிளிநொச்சி ஆஸ்பத்திரி வாசல்வரை லொறி ஓடியது. பிறந்த பெண்பிள்ளை, அதோ, தாயின் தோளில் நித்திரை.

முதலாளி கேட்டது இரண்டே சொல். “என்னத்தைக் குடுத்தனீர்?”

“உப்புத் தண்ணி, முதலாளி.”

“இறங்கும்.”

தாய் பிழைத்தாரா என்று கேட்டாரா? பிறந்தது ஆணா பெண்ணா என்று கேட்டாரா? லொறி என்ன குடித்தது என்றுதானே கேட்டார்! அன்று இறங்கிய முத்தலிப்பை இன்றுவரை எந்த முதலாளியும் ஏற்றவில்லை. உப்பு ஊற்றியவன் என்று பெயர். தோழர்களே, நாளை உங்கள் வண்டியில் ஒரு பத்மாசனி ஏறினால், வாளியைத் தொட உங்கள் கை துணியுமா?

காதுகொடுத்த தாய்மாருக்கு நன்றி. இடம் தந்த தலைவருக்கு வணக்கம். நான் கதிரைக்குத் திரும்பி உட்கார வேண்டிய நேரம். ஆனால் திரும்ப மாட்டேன்.

மேடையோரம் சந்தனம் பூசி நிற்கிறது முதலாளியின் புது மூக்கறையன். அதைக் கிளப்பும் திறப்பு அவர் முன்னால், சோடாப் போத்தலுக்குப் பக்கத்தில் கிடக்கிறது. முத்தலிப் அந்தப் பந்தற்காலைப் பிடித்தபடி நிற்கிறார்.

முதலாளி அவர்களே, அந்தத் திறப்பை அவர் கையில் கொடுங்கள். இப்போதே, எல்லோரும் பார்க்கக் கொடுங்கள்.

கை சோடாவுக்குப் போகிறதா? குடியுங்கள், அவசரமில்லை, ஆறுதலாகக் குடியுங்கள். நான் நிற்கிறேன்.